சிகிச்சை முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின் இதயம்: அணு மருத்துவப் படங்கள் காட்டுவது என்ன?

இளவயதில் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய்க்காக மார்பின் நடுப்பகுதியில் கதிர்வீச்சுப் பெற்று முற்றிலும் குணமடைந்தவர்களில் சிலர், நடுத்தர வயதை எட்டும்போதே மாரடைப்புடனோ வால்வுச் சுருக்கத்துடனோ இதயநோய்ப் பிரிவுக்கு வருகிறார்கள். மார்பகப் புற்றுநோய்க்கும் இரத்தப் புற்றுநோய்க்கும் டாக்ஸோரூபிசின் போன்ற மருந்துகளைப் பெற்றவர்களில் ஒரு பகுதியினருக்கு, மருந்து நின்று ஐந்து, பத்து, ஏன் இருபது ஆண்டுகள் கழிந்த பிறகும் இதயத் தசை தளர்ந்து மூச்சிரைப்பு தொடங்குகிறது. புற்றுநோய் மருத்துவரிடம் போகவேண்டிய தேவையே இல்லை என்று ஆகிவிட்ட காலத்தில்தான் இந்தப் பாதிப்பு பெரும்பாலும் வெளியே தெரிகிறது. அதற்கு முந்தைய, அறிகுறியே இல்லாத ஆண்டுகளில் இதயத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கண்டறிய, கதிரியக்கப் பொருளை உடலுக்குள் செலுத்திப் படமெடுக்கும் அணு மருத்துவம் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக முயன்று வருகிறது. அதன் சோதனைகள் ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்கு விடை தருபவை. ஒரு கேள்விக்குக் கிடைத்த நல்ல விடையை எல்லாக் கேள்விகளுக்கும் கிடைத்த விடையாக எடுத்துக்கொள்வதால்தான், ‘ஸ்கேன் நார்மல்’ என்ற தாளுடன் வீட்டுக்குப் போனவர்கள் சிலருக்குப் பிற்பாடு ஆபத்து நேர்கிறது.

மருந்தினால் வரும் பாதிப்பை முதலில் பார்க்கலாம். டாக்ஸோரூபிசின் ஆந்த்ராசைக்ளின் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. இத்தாலியின் தென்பகுதி மண்ணிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஒரு நுண்ணுயிரியிலிருந்து 1950களிலும் 60களிலும் இக்குடும்பத்தின் முதல் மருந்துகள் கிடைத்தன. இரத்தப் புற்றுநோய், லிம்ஃபோமா, மார்பகப் புற்றுநோய், எலும்புப் புற்றுநோய் ஆகியவற்றில் இவை காப்பாற்றிய உயிர்களின் எண்ணிக்கை மிகப் பெரிது. இன்றும் பல சிகிச்சைத் திட்டங்களின் முதுகெலும்பாக இவையே உள்ளன. பிளவுபடும் செல்லின் டி.என்.ஏ.வை அவிழ்த்து முறுக்கும் டோபோஐசோமெரேஸ் என்ற நொதியைப் பிடித்துக்கொண்டு புற்றுநோய்ச் செல்லை இம்மருந்து அழிக்கிறது. அதே நொதியின் இன்னொரு வடிவம் இதயத் தசைச் செல்லிலும் இருப்பதால், மருந்து அங்கேயும் டி.என்.ஏ.வை முறித்து, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவையும் சிதைக்கிறது. வளர்ந்த இதயத்தில் இழந்த தசைச் செல்லுக்கு ஈடாகப் புதுச் செல் உருவாவது மிக அரிது. ஆகவே இழப்பு கூடிக்கொண்டே போகும். அதன் அளவு, வாழ்நாளில் பெற்ற மொத்த மருந்தின் அளவைப் பெரிதும் சார்ந்திருக்கும்.

அந்த மொத்த அளவுக்கும் இதயச் செயலிழப்புக்கும் உள்ள தொடர்பை 1979இல் வான் ஹாஃப் குழுவினர் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளிலிருந்து கணக்கிட்டார்கள். உடலின் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்புக்கும் 400 மில்லிகிராம் பெற்றவர்களில் ஏறத்தாழ 3 சதவீதத்தினருக்கும், 550 மில்லிகிராமில் 7 சதவீதத்தினருக்கும், 700 மில்லிகிராமில் 18 சதவீதத்தினருக்கும் இதயச் செயலிழப்பு ஏற்பட்டதாக அந்தக் கணக்கு சொன்னது. 2003இல் ஸ்வெயின் குழுவினர் மருந்துச் சோதனைகளின் தரவுகளைக் கொண்டு மறுபடி கணக்கிட்டபோது அதே மூன்று அளவுகளுக்கும் 5, 26, 48 சதவீதம் என்று வந்தது. முந்தைய கணக்கு ஆபத்தைப் பெரிதும் குறைத்துச் சொல்லியிருந்தது என்பது இதனால் தெரிந்தது. இரண்டுமே கண்ணுக்குத் தெரியும் நோயை எண்ணிய கணக்குகள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மூச்சிரைப்பு வராமலே தசை இழந்தவர்கள் இந்த எண்களுக்குள் வரவில்லை.

அறிகுறிக்கு முன்பே பாதிப்பை அறிய 1970களில் இருந்த உறுதியான வழி, கழுத்திலுள்ள இரத்தக் குழாய் வழியாக ஒரு மெல்லிய கருவியை இதயத்துக்குள் செலுத்தி, தசையில் ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதுதான். துல்லியமான சோதனை, ஆனால் எத்தனை முறை ஒருவரிடம் இதைச் செய்ய முடியும்? திரும்பத் திரும்பச் செய்யக்கூடிய, உடலை அறுக்காத ஓர் அளவீடு தேவைப்பட்டது. அந்த இடத்தை நிரப்பியதுதான், இன்று மருத்துவமனைகளில் மூகா ஸ்கேன் என்று அழைக்கப்படும் சோதனை.

மூகாவில் நோயாளியின் சிவப்பணுக்களுடன் டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள் பிணைக்கப்படுகிறது. வெள்ளீய உப்புக் கலந்த ஒரு மருந்தை முன்கூட்டியே ஊசியில் செலுத்தினால்தான் டெக்னீசியம் சிவப்பணுவுக்குள் தங்கும். இரத்தமே காமா கதிர்களை வெளியிடத் தொடங்கியதும், நோயாளி படுத்திருக்க, இடப்புறமாகச் சாய்த்து வைத்த காமா கேமரா அக்கதிர்களை எண்ணுகிறது. இ.சி.ஜி. மின்முனைகள் ஒவ்வொரு துடிப்பும் தொடங்கும் கணத்தைக் கணினிக்குச் சொல்கின்றன. கணினி ஒரு துடிப்பைப் பதினாறோ அதற்கு மேலோ துண்டுகளாகப் பிரித்து, நூற்றுக்கணக்கான துடிப்புகளின் ஒத்த துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கிறது. இடது கீழறை முழுதாக விரிந்திருக்கும்போது எத்தனை எண்ணிக்கை, முழுதாகச் சுருங்கியபோது எத்தனை என்பதிலிருந்து, ஒவ்வொரு துடிப்பிலும் உள்ளிருந்த இரத்தத்தில் எத்தனை சதவீதம் வெளியே தள்ளப்படுகிறது என்று கணக்கிடப்படுகிறது. இதைத்தான் மருத்துவர்கள் எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் என்கிறார்கள். தமிழில் இரத்த வெளியேற்ற விகிதம் எனலாம். ஆரோக்கியமான இதயத்தில் இது பொதுவாக 50 முதல் 55 சதவீதத்துக்கு மேல் இருக்கும்.

இதயத்தின் வடிவம் எப்படியிருக்கும் என்ற எந்த ஊகமும் இக்கணக்கில் தேவைப்படாததே இதன் பலம். ஒலி அலைகளால் இதயத்தைப் படமெடுக்கும் எக்கோ சோதனையில், குறிப்பாகப் பழைய இரு பரிமாண முறையில், அறையின் விளிம்பைக் கையால் வரைந்து, அது இன்ன வடிவம் என்று கொண்டு கொள்ளளவைக் கணிக்கிறார்கள். உடல் பருமனும் நுரையீரல் நோயும் மார்பக அறுவைத் தழும்பும் அந்த விளிம்பை மறைக்கலாம். ஒரே நபருக்கு இரு பரிமாண எக்கோவை வேறு வேறு நாள்களில் செய்தால், இதயத்தில் மாற்றமே இல்லாதபோதும் பத்து சதவீதப் புள்ளிகள் வரை வேறுபாடு வரக்கூடும். மூகாவில் அந்த வேறுபாடு ஏறக்குறைய அதில் பாதிதான். 62 என்றிருந்தது 53 ஆனது என்றால், அது இதயம் உண்மையில் தளர்ந்ததாலா, சோதனையின் தடுமாற்றத்தாலா என்று பிரித்தறிவதே இங்கே முழுக் கேள்வியாகவும் இருப்பதால், இந்த வேறுபாடு சாதாரணமானதல்ல.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இம்முறையை டாக்ஸோரூபிசின் பெற்றவர்களிடம் தொடர்ச்சியாகப் பயன்படுத்திய முதல் முடிவுகள் 1979இல் வந்தன. இதயச் செயலிழப்பு வெளிப்படும் முன்பே இந்த விகிதம் சரிவதை அவர்கள் காட்டினார்கள். 1987இல் ஷ்வார்ட்ஸ் தலைமையில் வெளியான ஆய்வு, ஏழு ஆண்டுகளில் சோதிக்கப்பட்ட 1,487 நோயாளிகளிலிருந்து ஆபத்து மிகுந்த 282 பேரைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தது. மருந்து தொடங்கும் முன் ஓர் அடிப்படை அளவீடு எடுக்க வேண்டும், விகிதம் பத்துப் புள்ளிகளோ அதற்கு மேலோ சரிந்து 50க்கோ அதற்குக் கீழோ வந்தால் மருந்தை நிறுத்த வேண்டும் என்பன போன்ற விதிகளைப் பின்பற்றியவர்களில் 3 சதவீதத்தினருக்கும் குறைவாகவே இதயச் செயலிழப்பு வந்தது; பின்பற்றாதவர்களில் ஐந்தில் ஒருவருக்கு வந்தது. அன்று வகுத்த அந்த ‘பத்துப் புள்ளி’ விதியின் சாயலை இன்றைய வழிகாட்டல்களிலும் காணலாம். 2001இல் டிராஸ்டூசுமாப் என்னும் மார்பகப் புற்றுநோய் மருந்தின் பெரிய ஆய்வில், ஆந்த்ராசைக்ளினுடன் சேர்த்துக் கொடுத்தபோது 27 சதவீதத்தினருக்கு இதயத் தளர்ச்சி ஏற்பட்டது தெரிந்தபின், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூகா அல்லது எக்கோ என்பது வழக்கமாயிற்று.

இவ்வளவு பயன் தந்த அளவீட்டுக்கு ஓர் அடிப்படைக் குறையும் உண்டு. இதயத்துக்கு இருப்பு உண்டு. தசைச் செல்களில் கணிசமான பகுதி அழிந்த பிறகும், எஞ்சியவை கூடுதலாக உழைத்து, ஓய்வு நிலையில் தள்ளும் இரத்தத்தின் அளவைக் காப்பாற்றிவிடும். எனவே வெளியேற்ற விகிதம் சரிந்திருக்கிறது என்றால், இருப்பு ஏற்கெனவே தீர்ந்துவிட்டது என்று பொருள். சரியவில்லை என்றால் பாதிப்பில்லை என்று பொருளாகாது. 1991இல் லிப்ஷுல்ட்ஸ் குழுவினர், குழந்தைப் பருவத்தில் இரத்தப் புற்றுநோய்க்கு டாக்ஸோரூபிசின் பெற்றுக் குணமான 115 பேரை ஓராண்டு முதல் பதினைந்து ஆண்டுகள் வரை கழித்து எக்கோ மூலம் ஆராய்ந்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் இதயத்தில், சுவர்மீதான அழுத்தச் சுமையிலோ சுருங்கும் வலுவிலோ குறைபாடு தெரிந்தது. குழந்தையின் இதயம் உடலோடு சேர்ந்து வளர வேண்டும். செல்களை இழந்த இதயச் சுவர் அந்த வளர்ச்சிக்கு ஈடுகொடுக்க முடியாமல் மெலிந்துவிடுகிறது. பல ஆண்டுகள் கழித்துப் பாதிப்பு வெளிப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

‘தாமதமான பாதிப்பு’ என்பதையே மறுபரிசீலனை செய்ய வைத்தது இத்தாலியின் மிலான் நகரில் கார்டினாலே குழுவினர் செய்த பணி. ஆந்த்ராசைக்ளின் பெற்ற 2,625 பேரைத் தொடர்ந்து கவனித்து 2015இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, இதயத் தளர்ச்சி ஏற்பட்ட 9 சதவீதத்தினரில் ஏறத்தாழ எல்லோருக்கும் அது மருந்து முடிந்த முதல் ஆண்டுக்குள்ளேயே அளவீட்டில் தெரிந்துவிட்டது. இதயத்துக்கான மருந்துகளை எப்போது தொடங்கினார்கள் என்பதும் விளைவைத் தீர்மானித்தது: அதே குழுவின் 2010ஆம் ஆண்டு ஆய்வில், கீமோதெரபி முடிந்து இரண்டு மாதங்களுக்குள் தொடங்கியவர்களில் 64 சதவீதத்தினர் மீண்டார்கள், ஆறு மாதங்களுக்குப் பிறகு தொடங்கியவர்களில் ஒருவர்கூட முழுமையாக மீளவில்லை. பத்தாண்டு கழித்து வந்தது என்று நாம் நினைக்கும் தளர்ச்சிகளில் பல, முதலாண்டிலேயே தொடங்கி, யாரும் பார்க்காததால் கண்டறியப்படாமல் போனவையாக இருக்கக்கூடும். எந்தக் கருவியால் பார்த்தோம் என்பதைவிட எப்போது பார்த்தோம் என்பதே அதிக விளைவு தந்திருக்கிறது என்பது என் கணிப்பு.

இதற்கிடையே கருவிகளும் மாறின. தசையின் நார்கள் நீளவாக்கில் எவ்வளவு சுருங்குகின்றன என்பதை அளக்கும் ஸ்ட்ரெய்ன் எக்கோ, விகிதம் சரிவதற்கு முன்பே மாற்றத்தைக் காட்டுகிறது. முப்பரிமாண எக்கோவின் தடுமாற்றம் மூகாவுக்கு அருகே வந்துவிட்டது. ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2022இல் வெளியிட்ட புற்றுநோய்-இதயவியல் வழிகாட்டல், முப்பரிமாண எக்கோவை முதலிலும், இதய எம்.ஆர்.ஐ.யை அடுத்தும் வைத்து, இவை இரண்டும் கிடைக்காதபோது மூகாவைக் கொள்ளலாம் என்கிறது. நியாயமான வரிசைதான். ஒரு மூகா ஸ்கேனில் நோயாளி பெறும் கதிர்வீச்சு சுமார் 5 முதல் 8 மில்லிசீவெர்ட். உலகில் ஒருவர் இயற்கையிலிருந்து ஓராண்டில் சராசரியாகப் பெறுவது 2.4. தனியே பார்த்தால் சிறிய அளவு. ஆனால் குணமான ஒரு குழந்தையை ஐம்பது ஆண்டுகள் கண்காணிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் இதைக் கொடுப்பதற்கு நல்ல காரணம் வேண்டும். மேலும் மூகா வால்வுகளையோ இதய உறையையோ காட்டாது. துடிப்பு ஒழுங்கற்றிருந்தால் அதன் கணக்கே குலையும். எக்கோவில் விளிம்பு தெளிவாகத் தெரியாதவர்கள், எம்.ஆர்.ஐ. கிடைக்காத ஊர்கள், ஏற்கெனவே மூகாவில் அடிப்படை அளவீடு எடுத்து வைத்திருப்பவர்கள் ஆகியோருக்கு அது இன்றும் நம்பத் தகுந்த சோதனையே.

கதிர்வீச்சு சிகிச்சையின் கதை வேறு. அங்கே முதலில் தாக்கப்படுவது பெரும்பாலும் இரத்தக் குழாய். தசையிடையே உள்ள நுண்குழாய்களின் உட்சுவர் சேதமடைந்து அவை அடைபடுகின்றன; இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெரிய கரோனரித் தமனிகளில் கொழுப்புப் படிவு விரைவாகிறது; வால்வுகள் தடித்துச் சுண்ணாம்பு படிகிறது. ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுப் பெற்ற 2,168 பெண்களை வைத்து டார்பி குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு, இதயம் பெற்ற சராசரிக் கதிர்வீச்சு ஒரு கிரே (உடல் உள்வாங்கிய கதிர்வீச்சை அளக்கும் அலகு) கூடும்போதெல்லாம் மாரடைப்பு போன்ற பெரிய கரோனரி நிகழ்வுகளின் ஆபத்து 7.4 சதவீதம் கூடுவதைக் காட்டியது. அந்த ஆபத்து முதல் ஐந்தாண்டுகளுக்குள் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு அப்பாலும் நீடித்தது. இதற்குக் கீழே இறங்கினால் ஆபத்தே இல்லை என்று சொல்லத்தக்க ஓர் அளவு அதில் தென்படவில்லை.

இங்கே அணு மருத்துவம் பயன்படுத்துவது பெர்ஃப்யூஷன் ஸ்கேன் எனப்படும் இரத்த ஓட்டப் படம். டெக்னீசியத்துடன் பிணைத்த செஸ்டமிபி போன்ற மருந்து, இரத்தம் எந்த அளவில் சென்று சேர்கிறதோ அந்த அளவில் இதயத் தசைக்குள் தங்கும். டிரெட்மில்லில் நடந்தபின் அல்லது குழாய்களை விரிக்கும் மருந்தைச் செலுத்தியபின் ஒரு படம், ஓய்வில் ஒரு படம். கேமரா உடலைச் சுற்றி வந்து எடுப்பதால் தசையைக் குறுக்கு வெட்டுகளாகப் பார்க்க முடிகிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மார்க்ஸ் குழுவினர், இடது மார்பகத்தில் கதிர்வீச்சுப் பெற்ற 114 பெண்களுக்குச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் இப்படங்களை எடுத்து 2005இல் வெளியிட்டார்கள். ஆறாவது மாதத்தில் 27 சதவீதத்தினருக்கும் இரண்டாம் ஆண்டில் 42 சதவீதத்தினருக்கும் இரத்த ஓட்டக் குறைபாடு புதிதாகத் தெரிந்தது. இடது கீழறையில் எவ்வளவு பகுதி கதிர்வீச்சுப் புலத்துக்குள் விழுந்ததோ அதற்கேற்பக் குறைபாடும் கூடியது. குறைபாடு தோன்றிய இடங்கள், சாதாரண மாரடைப்பில் காண்பதுபோல் ஏதேனும் ஒரு தமனியின் எல்லையைப் பின்பற்றாமல், கதிர்வீச்சுக் கற்றை கடந்துசென்ற முன்சுவர்ப் பகுதியோடு ஒத்திருந்தன. பாதிப்பு நுண்குழாய்களில் நிகழ்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்றைக் காட்டுவது கடினம். மூச்சை இழுத்துப் பிடித்து, இதயத்தை மார்புச் சுவரிலிருந்து விலக்கிக் கதிர்வீச்சுக் கொடுக்கும் இன்றைய முறை இடது பக்கப் புற்றுநோயில் இத்தனை முக்கியத்துவம் பெற்றதன் காரணமும் இத்தகைய படங்களிலிருந்து விளங்கும்.

இந்தக் குறைபாடுகள் கண்டறியப்பட்டால் ஏதாவது பயன் உண்டா என்ற கேள்விக்கு ஸ்டான்ஃபோர்டில் ஹைடன்ரைக் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒரு விடை தருகிறது. ஹாட்ஜ்கின் நோய்க்காக மார்பில் 35 கிரேயோ அதற்கு மேலோ பெற்ற, இதய நோய் இருப்பதாக அதுவரை அறியப்படாத 294 பேருக்கு, உழைப்பு நிலையில் எக்கோவும் இரத்த ஓட்டப் படமும் எடுக்கப்பட்டன. 42 பேருக்கு அவற்றுள் ஒன்றிலோ இரண்டிலுமோ கோளாறு தெரிந்தது. அவர்களில் ஆஞ்சியோகிராம் செய்துகொண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பாதியளவோ அதற்கு மேலோ அடைப்பு இருந்தது. ஏழு பேருக்குப் பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. எந்தத் தொந்தரவும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். இன்று ஐரோப்பிய வழிகாட்டல், இதயம் சராசரியாக 15 கிரேக்கு மேல் பெற்றவர்களுக்கு, அறிகுறி இல்லாவிட்டாலும், சிகிச்சை முடிந்த ஐந்தாம் ஆண்டிலிருந்து ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கரோனரி அடைப்புக்கான சோதனையைப் பரிசீலிக்கச் சொல்கிறது.

இப்படத்திலும் ஒரு பொறி இருக்கிறது. சாதாரண பெர்ஃப்யூஷன் ஸ்கேன் தசையின் ஒரு பகுதியை மற்றொரு பகுதியுடன் ஒப்பிட்டே குறையைக் காட்டுகிறது. மார்பின் நடுவே பெற்ற கதிர்வீச்சு கரோனரித் தமனிகளின் தோற்றுவாய்களையே சுருக்கும் இயல்புடையது. மூன்று தமனிகளும் ஒரே அளவில் சுருங்கியிருந்தால் தசை முழுவதும் சமமாக மங்கி, படம் நன்றாக இருப்பதுபோல் தோன்றக்கூடும். இந்த இடத்தில் பெட் ஸ்கேன் கைகொடுக்கிறது. ரூபிடியம்-82 அல்லது நைட்ரஜன்-13 அமோனியாவைக் கொண்டு, ஒரு கிராம் தசைக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் இரத்தம் செல்கிறது என்று நேராகவே அளக்கலாம். நுண்குழாய்களின் சீர்கேடும் அதில் எண்ணாகத் தெரியும். கதிர்வீச்சும் வழக்கமான ஸ்கேனைவிடக் குறைவு. ரூபிடியத்துக்கு அதை உருவாக்கித் தரும் ஜெனரேட்டர் என்ற தனிக் கருவியும், பாதி ஆயுள் பத்தே நிமிடமான நைட்ரஜன்-13க்கு அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் அருகிலேயும் தேவைப்படுவதால் இதைச் செய்யும் இடங்கள் சிலவே.

தசை, இரத்தக் குழாய் ஆகியவற்றுக்கு அப்பால், இதயத்தின் நரம்புகளையும் படமெடுக்கலாம். அயோடின்-123 பிணைத்த எம்.ஐ.பி.ஜி. என்ற மருந்து, நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் நார்அட்ரினலினைப் போல நரம்பு முனைகளுக்குள் நுழைகிறது. மார்பின் நடுப்பகுதியுடன் ஒப்பிட்டு இதயத்தில் எவ்வளவு தங்கியது, எவ்வளவு வேகமாக வெளியேறியது என்று பார்க்கிறார்கள். பார்சிலோனாவில் கார்ரியோ குழுவினர் 1990களில் இதனுடன் இன்னொன்றையும் சேர்த்துப் பயன்படுத்தினார்கள்: உடைந்த தசைச் செல்லின் உள்ளே வெளிப்படும் மயோசின் புரதத்தில் மட்டும் ஒட்டும், இண்டியம்-111 பிணைத்த எதிர்ப்பொருள். டாக்ஸோரூபிசின் நடு அளவை எட்டும்போதே, வெளியேற்ற விகிதம் சரியும் முன்பு, அந்த எதிர்ப்பொருள் இதயத்தில் சேர்வதை அவர்கள் கண்டார்கள். செல் சாவதை நேரடியாகக் காட்டிய அந்த மருந்து பிற்பாடு சந்தையிலிருந்தே மறைந்துவிட்டது எனக்கு இன்றும் வருத்தம் தரும் செய்தி. இதயத் தசைச் செல் சேதமடையும்போது கசியும் டிரோபோனின் என்ற புரதத்தை இரத்தத்தில் அளப்பது மலிவாகவும் எளிதாகவும் ஆனபின் அதன் இடம் சுருங்கிப்போயிற்று. எம்.ஐ.பி.ஜி. இருக்கிறது, ஆனால் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களைக் கண்காணிக்கும் வழக்கமான சோதனையாக அது வேரூன்றவில்லை.

இத்தனை சோதனைகளிலும் கிடைக்கும் எண், முந்தைய எண்ணோடு ஒப்பிடும்போதுதான் பேசும். 54 என்பது ஒருவருக்கு இயல்பான அளவு; சிகிச்சைக்கு முன் 68 இருந்தவருக்கு அதுவே எச்சரிக்கை. அந்த 68 எந்த முறையில் எடுக்கப்பட்டது என்பதும் தெரிய வேண்டும், ஏனெனில் மூகாவில் எடுத்த எண்ணை எக்கோவில் எடுத்த எண்ணோடு கழித்துப் பார்ப்பது தவறான முடிவுக்கே கொண்டுபோகும். இருபது ஆண்டுகள் கழித்து இந்த விவரம் யாரிடம் இருக்கும்? மருத்துவமனைக் கோப்புகள் அழிக்கப்பட்டிருக்கலாம், மருத்துவர் ஓய்வு பெற்றிருக்கலாம், குழந்தையாக இருந்தபோது சிகிச்சை பெற்றவருக்குத் தான் பெற்ற மருந்தின் பெயரே தெரியாமல் இருக்கலாம். ஆந்த்ராசைக்ளினின் பெயரும் சதுர மீட்டர் கணக்கில் மொத்த அளவும், கதிர்வீச்சு எந்தப் பக்கம், எத்தனை கிரே, இதயத்துக்குச் சராசரியாக எத்தனை, முதல் வெளியேற்ற விகிதம் எவ்வளவு, எந்தச் சோதனையில் என்ற விவரங்கள் ஒரே தாளில் அடங்கிவிடும். சிகிச்சை முடியும் நாளில் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது, பிற்காலத்தில் எடுக்கப்போகும் எந்த விலையுயர்ந்த ஸ்கேனுக்கும் பொருள் தரும்.

குழந்தைப் பருவத்தில் சதுர மீட்டருக்கு 250 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஆந்த்ராசைக்ளின் பெற்றவர்களுக்கும், இதயத்தில் 30 கிரேயோ அதற்கு மேலோ கதிர்வீச்சுப் பெற்றவர்களுக்கும் இரண்டாண்டுக்கு ஒருமுறை எக்கோ எடுக்கப் பன்னாட்டு வழிகாட்டல் பரிந்துரைக்கிறது. அவர்களில் பெண்கள் கருத்தரிக்கத் திட்டமிடும்போது இது இன்னும் முக்கியமாகிறது. கர்ப்பத்தில் உடலின் இரத்த அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுவதால், ஓய்வு நிலையில் மறைந்திருந்த தளர்ச்சி அப்போதுதான் வெளிப்படக்கூடும். கரு உருவான பின் மூகாவோ இரத்த ஓட்டப் படமோ எடுப்பதை மருத்துவர்கள் தவிர்ப்பார்கள். பெரும்பாலும் எக்கோவையே நம்ப வேண்டியிருக்கும். எனவே எக்கோவில் தெளிவு கிடைக்காதவர்களுக்கு வேறு சோதனை தேவைப்பட்டால், அதைக் கருத்தரிப்பதற்கு முன்பே இதயநோய் மருத்துவருடன் பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.